வயதான காலத்தில் மிஷனரித் தம்பதியாக வெளிநாடு போனால் அன்றாடம் எப்படி இருக்கும்?

கோயம்புத்தூரில் இருக்கும் உங்கள் அப்பாவும் அம்மாவும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சீனியர் மிஷனரிகளாக வெளிநாடு போக ஆசைப்படுகிறார்கள். அப்பா கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், அம்மா நர்ஸாக இருந்தவர், அம்மாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. அங்கே போய் தினமும் என்னதான் செய்வார்கள், வெயிலில் வீடு வீடாக அலைய விடுவார்களா, செலவை யார் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். நானும் இதே சபைதான். வேலை விஷயமாகப் பல வருடம் ஃபிஜியில், சுவா நகரத்தில் குடும்பத்தோடு இருந்தேன். எங்கள் வார்டுக்கு (ஒரு பகுதியின் சபைக் குழுவை அப்படித்தான் சொல்வோம்) வந்து போன சீனியர் தம்பதிகளோடு சேர்ந்து சாப்பிட்டு, அவர்கள் காருக்கு மெக்கானிக் தேடி, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடிப் பழக்கம். அதனால் ஃபிஜியை வைத்தே சொல்கிறேன். கானா, பிலிப்பைன்ஸ் என்று போனால் சாப்பாடும் மழையும் மாறும், மற்றதெல்லாம் பெரும்பாலும் இதேதான்.

முதலில் அந்த அலைச்சல் பயத்தை விட்டுவிடுங்கள். கதவு தட்டிப் பிரசங்கம் பண்ணும் வேலை சீனியர் தம்பதிகளுக்குக் கிடையாது. நீங்கள் தெருவில் பார்த்திருக்கும் வெள்ளைச் சட்டை, கறுப்புப் பெயர்ப்பட்டை இளைஞர்கள் வேறு கணக்கு. அவர்களுக்கு எழுந்திருக்கும் நேரம், படிக்கும் நேரம், தூங்கும் நேரம் எல்லாம் அட்டவணை, வீட்டுக்குப் போன் பேசுவதே வாரம் ஒருமுறைதான், அதுவும் 2019 பிப்ரவரிக்குப் பிறகு வந்த சலுகை. பெயர்ப்பட்டை உங்கள் அப்பா அம்மாவுக்கும் உண்டு, எல்டர், சிஸ்டர் என்றுதான் அவர்களையும் கூப்பிடுவார்கள். ஆனால் கணவன் மனைவியாகத் தனி வீட்டில் இருக்கலாம், பேரன் பேத்தியிடம் நினைத்தபோது பேசலாம், உடம்புக்கு முடியவில்லை என்றால் மதியம் படுத்து எழலாம். கால அளவும் அவரவர் வசதிப்படி 6 மாதத்திலிருந்து 23 மாதம் வரை இருக்கிறது. வெளிநாடு என்றால் பெரும்பாலானவர்கள் ஒன்றரை வருடம் எடுத்துக்கொள்கிறார்கள், அது சரியான அளவு என்று எனக்கும் படுகிறது, ஏனென்றால் ஊரும் மனிதர்களும் பிடிபடவே முதல் நாலைந்து மாதம் போய்விடும்.

என்ன வேலை கொடுப்பார்கள் என்றால், கணக்குத் தெரிந்த ஆளை மிஷன் ஆபீஸ் விடாது. மிஷன் என்றால் மிஷனரிகள் வேலை செய்யும் ஒரு வட்டாரம், ஒவ்வொரு மிஷனுக்கும் ஒரு ஆபீஸ், அதில் இளம் மிஷனரிகளின் வீட்டு வாடகை, கரண்ட் பில், விசா புதுப்பிப்பு, கார்களின் சர்வீஸ், ஊரிலிருந்து வரும் பார்சல் என்று எல்லாம் வந்து குவியும். அப்பா மாதிரி ஒருவர் உட்கார்ந்தால் காலை எட்டரையிலிருந்து மாலை வரை அதுவே சரியாக இருக்கும். வாடகை ஒப்பந்தம் முடியும் தேதி, எந்தப் பையனுடைய பாஸ்போர்ட் எந்த அலுவலகத்தில் கிடக்கிறது, எந்தக் கார் எந்த ஊரில் பஞ்சராகி நிற்கிறது என்பதெல்லாம் அவர் தலையில் ஓடும். இதில் ஆவிக்குரிய விஷயம் எங்கே இருக்கிறது என்று சிலர் முதல் மாதத்தில் சோர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் வாடகை கட்டாமல் விட்டால் இரண்டு பையன்கள் தெருவில் நிற்பார்கள், விசா தவறினால் ஒரு பெண் பிள்ளை ஊரைப் பார்த்துத் திரும்ப வேண்டியதாகிவிடும். ஆபீஸ் வேலையை மட்டமாக நினைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

அம்மாவுக்கு இன்னும் பெரிய வேலை காத்திருக்கும். ஓய்வுபெற்ற நர்ஸ் என்றால் பெரும்பாலும் மிஷன் நர்ஸ்தான், அதாவது அந்த மிஷனில் இருக்கும் அத்தனை இளைஞர்களுக்கும் போனிலேயே வைத்தியம் கேட்கும் அம்மா. ஃபிஜியில் வந்த போன்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி: கொசுக்கடியைச் சொறிந்து புண்ணாகிவிட்டது, தொடையில் கட்டி, ஷூ காயாமலே போட்டதில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண், காய்ச்சல், டெங்குவாக இருக்குமோ. பையன்கள் மூன்று நாள் சொல்லாமல் மறைத்துவிட்டு நாலாம் நாள் கட்டி பழுத்த பிறகு படம் எடுத்து அனுப்புவார்கள். எங்கள் வார்டில் இருந்த ஒரு சிஸ்டர், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் நர்ஸாக இருந்தவர், கட்டியைச் சுற்றிப் பேனாவால் கோடு போடச் சொல்லுவார், மறுநாள் காலையில் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும், தாண்டவில்லை என்றால் வெந்நீர் ஒத்தடம். தூரத்துத் தீவில் இருக்கும் பையனுக்கும் இதைப் போனில் சொல்லிவிடலாம். பாதிப் போன்களில் உடம்பில் ஒன்றுமே இருக்காது, பையனுக்கு ஊர் ஞாபகம் வந்திருக்கும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க நாற்பது வருடம் பிள்ளைகளை வளர்த்த ஒருத்தரால்தான் முடியும்.

இந்த இரண்டு வேலையும் இல்லை என்றால் வேறு நிறைய இருக்கின்றன. பள்ளிக்கூட அனுபவம் உள்ளவர்களுக்கு ஆசிரியர் பயிற்சி; பசிபிக் தீவுகளில் சபைக்குச் சொந்தப் பள்ளிகள் உண்டு, சுவாவிலேயே 1975-இல் தொடங்கிய ஒரு கல்லூரி இருக்கிறது, பெயர் கல்லூரி என்றாலும் உயர்நிலைப் பள்ளிதான். அப்புறம் மனிதாபிமான உதவித் திட்டங்கள், அதாவது சக்கர நாற்காலி, பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி, கழிவறை, பிறந்த குழந்தைக்கு மூச்சு வராவிட்டால் என்ன செய்வது என்று தாதிகளுக்குப் பயிற்சி. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நாளில் பெரும்பகுதி கூட்டங்களிலும் மண்ரோட்டிலும் போகும். கையில் பணம் கொடுப்பது கிடையாது, உள்ளூரில் ஒரு கூட்டாளி அமைப்பு வேண்டும், கிராமத்து ஆட்கள் தங்கள் உழைப்பைத் தர வேண்டும், தொட்டி வைத்த பிறகு யார் பராமரிப்பது என்று முடிவாக வேண்டும். கிராமத்துக்குப் போனால் தொப்பியைக் கழற்றி, செருப்பை வாசலில் விட்டு, பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பெரியவர் பேசி முடிக்கும்வரை வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அமெரிக்கத் தம்பதிகளுக்கு முட்டி வலிக்கும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பிறந்ததிலிருந்தே பழக்கம்தானே.

எந்த வேலையில் போட்டாலும் தப்பாமல் வந்து சேருவது வீட்டுச் சோதனை. இளம் மிஷனரிகள் தங்கியிருக்கும் வீடுகளைச் சீனியர் தம்பதிகள் முறைபோட்டுப் போய்ப் பார்ப்பார்கள். புகை எச்சரிக்கைக் கருவியில் பேட்டரி இருக்கிறதா (பெரும்பாலும் இருக்காது, கூச்சல் போடுகிறது என்று கழற்றி வைத்திருப்பார்கள்), குடிநீர் வடிகட்டி சுத்தமாக இருக்கிறதா, கொசுவலை கிழிந்திருக்கிறதா, ஃபிரிட்ஜில் என்ன செத்துக் கிடக்கிறது. சுவா மழை ஊர், வருடத்துக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் கொட்டும், பெல்ட், ஷூ, பைபிளின் தோல் அட்டை எல்லாம் ஒரு வாரம் தொடாமல் விட்டால் பச்சைப் பூஞ்சணம் பூத்துவிடும், அந்த வாடை வீட்டுக்குள் நுழைந்ததுமே மூக்கில் ஏறும். அம்மாக்கள் கையோடு வினிகரும் துணியும் எடுத்துப் போய், பையன்களையே துடைக்க வைத்து, போகும்போது ஒரு தட்டு பிரெட்டோ கேக்கோ வைத்துவிட்டு வருவார்கள். அந்தத் தட்டுக்காகவே வீட்டைக் கூட்டி வைத்த பையன்கள் உண்டு.

வீட்டு வாழ்க்கை என்று பார்த்தால் சின்ன வீடு, கொஞ்சம் பாத்திரம், ஒரு கார். ஃபிஜியில் நம்ம ஊர் மாதிரி இடதுபக்கம் ஓட்டுவதால் அமெரிக்கர்களுக்கு வரும் அந்த முதல்மாத நடுக்கம் அப்பாவுக்கு இருக்காது. சுவா சந்தையில் காய்கறியை எடை போட மாட்டார்கள், கூறு கட்டி வைத்திருப்பார்கள், ஒரு கூறு இத்தனை டாலர் என்று. மாடிக்குப் போனால் மசாலா வாசனையும் காவா பானம் செய்யும் காய்ந்த யங்கோனா வேரும். முருங்கைக்காய், கீரை, கறிவேப்பிலை, மரவள்ளி, சேப்பங்கிழங்கு எல்லாம் கிடைக்கும், சேம்பு இலையைத் தேங்காய்ப் பாலில் வேகவைப்பது அங்கே தினசரிக் குழம்பு. காரணம் தெரிந்ததுதான், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஜனங்களைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து 1903 முதல் கப்பலேற்றி அங்கே கொண்டுபோனார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இப்போது பெரும்பாலும் ஃபிஜி இந்திதான் பேசுகிறார்கள், ஆனாலும் ஒரு தமிழ்ப் பெயரைக் கேட்டால் முகம் மலர்ந்து உள்ளே கூப்பிடுவார்கள்.

கூப்பிட்டதும் டீ வரும். இதற்கு அம்மாவும் அப்பாவும் தயாராக இருக்க வேண்டும். நம் சபையில் டீ, காபி இல்லை என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியாது, வேண்டாம் என்றால் மனசு கஷ்டப்படும். ஃபிஜியில் இதற்கு அழகான வழி இருக்கிறது, எலுமிச்சை இலையையோ லெமன்கிராஸையோ கொதிக்கவைத்துக் குடிப்பது அங்கே எல்லா வீட்டிலும் வழக்கம், இலை கொல்லையிலேயே இருக்கும். "எலுமிச்சை இலை போட்டுத் தாங்க" என்று முதலிலேயே கேட்டுவிட்டால் வீட்டம்மா சந்தோஷமாகப் பறிக்கப் போவார். ஒரு வீட்டில் போய் எப்படி மறுப்பது என்று தெரிவதைவிட என்ன கேட்பது என்று தெரிந்திருப்பது முக்கியம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை 2019-இலிருந்து இரண்டு மணி நேரம்தான். ஆனால் சீனியர் தம்பதிக்கு அது அரை நாள், ஏனென்றால் கூட்டம் முடிந்த பிறகுதான் ஆட்கள் அவர்களைத் தேடி வருவார்கள். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் சபையில் பிஷப் என்றால் வார்டை நடத்தும் உள்ளூர் உறுப்பினர், அவர் முப்பத்தைந்து வயது டாக்ஸி டிரைவராகக்கூட இருக்கலாம். அப்பா அவரைவிட வயதிலும் சபை அனுபவத்திலும் பெரியவராக இருப்பார். ஆனால் மிஷனரித் தம்பதி போவது அந்த பிஷப்புக்குத் துணையாக நிற்பதற்கு, அவர் நாற்காலியில் உட்காருவதற்கு அல்ல. வந்த வேகத்தில் பதிவேட்டைத் திருத்தி, பாட்டு வகுப்பை மாற்றி, எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்த தம்பதிகள் கிளம்பிய மறுமாதம் அந்த வார்டில் ஒன்றுமே மிஞ்சாது. பின் வரிசையில் உட்கார்ந்து, பிஷப் கேட்டபோது மட்டும் யோசனை சொல்லி, கிளார்க் வேலைக்கு ஒரு உள்ளூர்ப் பையனைப் பக்கத்தில் வைத்துப் பழக்கிவிட்டுப் போனவர்களைப் பற்றி இன்றும் சுவாவில் பேசுகிறார்கள். நம் வீடுகளில் வயதானவர் சொன்னால் சொன்னதுதான் என்று பழகிவிட்டதால், நம் ஆட்களுக்கு இது வெயிலையும் மழையையும்விடக் கஷ்டம்.

அடுத்த கஷ்டம் வீட்டுக்குள்ளே. நாற்பது வருடம் அவர் ஆபீஸுக்கு, இவர் டியூட்டிக்கு என்று போய்வந்த இரண்டு பேர், திடீரென்று இருபத்துநாலு மணி நேரமும் ஒரே காரில், ஒரே ஆபீஸில், ஒரே சின்ன அறையில். அண்ணன் தம்பி, தோழி, பக்கத்து வீட்டுக்காரர் யாரும் இல்லை. சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போக அம்மா வீடு கிடையாது. நான் பார்த்தவரையில், நன்றாக இருந்த தம்பதிகள் எல்லாருமே வாரத்தில் ஒரு நாளைத் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள், பெரும்பாலும் திங்கட்கிழமை, இளம் மிஷனரிகளுக்கும் அன்றுதான் துணி துவைத்து, கடைக்குப் போகிற நாள். அன்று கடற்கரையோ, மீன் வாங்கிச் சமைப்பதோ, ஒன்றும் செய்யாமல் இருப்பதோ. அப்புறம் நாளில் ஒரு மணி நேரம் ஆளுக்கொரு பக்கம் தனியாக. இதைப் போவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

குடும்பத்தைப் பிரிந்திருப்பது வலிக்கும், அதைச் சின்னதாகச் சொல்ல எனக்கு மனமில்லை. பேத்திக்கு முதல் பல் விழும், தங்கை மகன் கல்யாணம் வரும், கூடப் பிறந்தவர் உடம்பு சரியில்லாமல் படுப்பார். ஃபிஜி நேரம் இந்தியாவைவிட ஆறரை மணி முன்னால் ஓடும், அவர்களுக்கு மாலை ஏழு என்றால் உங்களுக்கு மதியம் பன்னிரண்டரை, அதனால் ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரத்தை வீடியோ அழைப்புக்கு வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் தோதாக இருக்கும். அமெரிக்கத் தம்பதிகளுக்கு இந்தச் சௌகரியம் இல்லை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தோடு ஒரு நாளே மாறிப் போகும். நெருங்கிய சாவு என்றால் மிஷன் தலைவரிடம் சொல்லி, சொந்தச் செலவில் கொஞ்ச நாள் வந்து போக வழி உண்டு. ஆனால் விமான வழியைப் பார்த்தால் பல காரியங்களுக்கு வந்து சேரவே முடியாது. இதைக் குடும்பமாக உட்கார்ந்து பேசி, யார் யாருக்காக வருவது, யாருக்காக வர முடியாது என்று இப்போதே ஒப்புக்கொள்வது நல்லது. நெருடலாகத்தான் இருக்கும், பரவாயில்லை, பேசுங்கள்.

புயல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே புயல் காலம். 2016 பிப்ரவரி 20 அன்று வின்ஸ்டன் புயல் ஃபிஜியைப் புரட்டிப்போட்டது, 44 பேர் இறந்தார்கள். புதுப்பித்த நம் சபையின் சுவா ஆலயத்தின் மறுபிரதிஷ்டை அதற்கு மறுநாள்தான், 21-ஆம் தேதி, அது நடந்தும் முடிந்தது, ஏனென்றால் சுவா பெரிய அடியிலிருந்து தப்பிவிட்டது. அந்தச் சமயத்தில் மிஷன் ஆபீஸ்களில் தம்பதிகள் பார்க்கும் வேலை, ஒவ்வொரு மிஷனரி ஜோடியும் எங்கே இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா என்று பெயர் பெயராகச் சரிபார்ப்பது, பிறகு ஒவ்வொரு பெற்றோருக்கும் தகவல் சொல்வது. முன்னேற்பாடு எளிது: மூன்று நாளுக்குத் தண்ணீர், மருந்து, டார்ச், பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஒரே பையில், கதவுப் பக்கத்தில். எச்சரிக்கை வந்ததும் எங்கே போவது என்று மிஷனிலேயே சொல்லிவிடுவார்கள், அடம்பிடிக்காமல் போனால் போதும்.

செலவுக்கு வருகிறேன். சம்பளம் கிடையாது, தம்பதியின் சொந்தப் பணம்தான். 2011-இல் தங்கும் வீட்டுக்கான செலவுக்கு ஒரு உச்சவரம்பு கொண்டுவந்தார்கள், மாதம் 1,400 டாலருக்கு மேல் ஆனால் மீதியைச் சபை பார்த்துக்கொள்ளும் என்று அப்போது வைத்தார்கள். அமெரிக்க ஓய்வூதியக்காரர்களுக்கு அது பெரிய நிம்மதி, நம் ஊர் ஓய்வூதியத்துக்கு அதுவே மலைதான். அதனால் விண்ணப்பம் போடும் முன்பே பிஷப்பிடமோ, வார்டைவிடச் சின்னக் குழு என்றால் அதன் கிளைத் தலைவரிடமோ வெட்கப்படாமல் வருமானத்தைச் சொல்லி, இப்போதைய தொகை என்ன, குறைந்த செலவில் எந்த நாட்டுக்குப் போகலாம் என்று கேளுங்கள். விருப்பமான வேலையையும் இடத்தையும் எழுதித் தரலாம், கடைசி அழைப்பு தலைமையகத்திலிருந்து வரும். வெளிநாடு கட்டுப்படியாகாது என்றால் பெங்களூரு மிஷனிலேயே ஆள் தேவை இருக்கிறது. அங்கே ஆலயம் வருவதாக 2018 ஏப்ரலில் அறிவித்து, 2020 டிசம்பரில் கட்டுமானத்துக்கு மண் வெட்டினார்கள். மொழி தெரிந்த, சாப்பாடு ஒத்துக்கொள்ளும் ஒரு தென்னிந்தியத் தம்பதி அங்கே செய்யக்கூடியதை வெளியிலிருந்து வருபவர்கள் செய்ய முடியாது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் யோசிப்பேன், ஆனால் அவர்கள் மனசு கடல் தாண்டிப் போவதில் இருந்தால் அதைத் தடுக்க மாட்டேன்.

கடைசியாக அம்மாவின் சர்க்கரை. அதனால் மட்டும் யாரையும் நிறுத்திவிட மாட்டார்கள், டாக்டரும் பல் டாக்டரும் நிரப்பித் தரும் படிவங்கள் இருக்கின்றன, அதைப் பார்த்துத்தான் எந்த ஊர் என்றே முடிவாகும். ஒன்றையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள், மறைத்தால் மருத்துவ வசதி இல்லாத தீவில் போய் உட்கார நேரிடும். மாத்திரை மட்டும் என்றால் பிரச்சினை குறைவு. இன்சுலின் என்றால் கரண்ட் போகும் ஊரில் அதைக் குளிராக வைத்திருக்க ஏற்பாடு வேண்டும், பயணத்தில் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டு டாக்டர் கையெழுத்தோடு இருக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே மருந்துக்கடையில் தெரியாது. காப்பீடு முன்பே இருக்கும் நோயை ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். காலில் செருப்பில்லாமல் பாயிலும் மண்ணிலும் நடக்கும் ஊர் என்பதால் தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்கும் பழக்கத்தை அம்மா இங்கேயே ஆரம்பித்துவிடட்டும். பல்லில் என்ன வேலை பாக்கி இருந்தாலும் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள். படிவம் நிரப்பும்போது ஏதாவது புரியவில்லை என்றால் எழுதுங்கள், கூட இருந்து பார்த்துத் தருகிறேன்.